வெள்ளெருக்கு என்று அக்கா சொன்ன செடி

லிப்டுக்குள் ஒருவரிடம் மாட்டிக்கொண்டால் தப்ப வழி கிடையாது. ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில் லிப்டு மிகவும் யோசித்து யோசித்துத்தான் மேலே ஏறும். இது நாலாவது மாடி ராகவன் சாருக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் தரைத்தளத்தில் கதவு மூடியதுமே போனை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பொண்ணு அனுப்பிச்சிருக்கா சார், நியூஜெர்சிலேர்ந்து. மானார்க் பட்டர்ஃபிளை. வீட்டுக்குள்ளயே வளர்க்கறா."

வீடியோவில், ஹாலில் ஒரு வலைக்கூண்டு. உள்ளே தண்ணீர்க் குப்பியில் செருகிய செடி. அதில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வரி வரியாகச் சில புழுக்கள் மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பேத்தி பின்னாலிருந்து ஆங்கிலத்தில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஈ, குளவி, எறும்பு ஒண்ணும் கிட்ட வர முடியாது சார். தினம் டிஷ்யூ வெச்சுத் தொடைக்கிறா. கூண்டு, செடி, முட்டை எல்லாம் ஒரே டப்பால கிட்டா வருதாம், ஆன்லைன்ல. பெரிசானதும் இது மெக்சிகோவுக்குப் பறந்து போயிடுமாம். விசா, இன்டர்வியூ ஒண்ணும் கிடையாது!" என்று சொல்லி அவரே சிரித்தார்.

நான் புழுவின் தலையைப் பார்த்தேன். "முன்னாடி ஒரு ஜோடி கொம்பு, பின்னாடி ஒரு ஜோடி. எங்க வீட்டுல இருந்ததுக்கு நடுவுலயும் ஒரு ஜோடி இருக்கும்" என்றேன். ராகவன் சார் என்னைப் பார்த்த பார்வையில் பரிவு இருந்தது. ஐம்பது தாண்டிய, வீட்டில் தனியாக இருக்கிற ஆள் கொம்புகளைப் பற்றிப் பேசினால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். இரண்டாவது மாடி வந்துவிட்டதால் நான் பிழைத்தேன். அல்லது அவர் பிழைத்தார்.

போனில் வாசனை வராது என்பது தெரியும். ஆனாலும் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் சாய்ந்தபோது எருக்கம்பால் நெடி அடித்தது. இலையைக் கிள்ளினால் குபுக்கென்று வருமே, வெள்ளையாக, பிசுபிசுவென்று, அதன் பச்சைக் கசப்பு. ஒரு காலத்தில் என் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்தக் கறை இருந்தது.

அப்போது நான் தியாகராய நகரில் ஒரு தினசரிக் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஒவ்வொரு தாளிலும் ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், கீழே பொடி எழுத்தில் விசேஷம். தமிழ் மக்கள் எப்போது வீட்டை விட்டுக் கிளம்பலாம் என்பது என் சிவப்பு மையில் இருந்தது. நான் மட்டும் தினமும் லேட்டாகத்தான் போய்ச் சேர்வேன்.

மந்தைவெளியில் மாடிப் போர்ஷன். நானும் அக்காவும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு குடும்பம் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அண்ணா சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து வீட்டிலும் பேசுவாள். காய் நறுக்கும்போது பேசுவாள், பல் தேய்க்கும்போதுகூட நுரைக்கு நடுவே பேசுவாள். "கொஞ்சம் ஹோல்ட்ல போடேன்க்கா" என்று நான் கெஞ்சுவேன்.

பிறகு கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. கூப்பிட்டால் மெஷினே பேசும். கணக்குப் பிரிவுக்கு ஒன்றை அழுத்து, விற்பனைக்கு இரண்டை அழுத்து. அக்காவுக்குக் கையில் ஒரு கவரும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அனுப்புவதற்கு முந்தின வாரம் அவளை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து எல்லா வாக்கியங்களையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மெஷினுக்குள் இருந்து பேசியது அவள்தான்.

வீட்டுக்கு வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டையில்லை, அழுகையில்லை. சாப்பிட்டாயா என்றால் "ம்". டாக்டரிடம் போகலாமா என்றால் தலையாட்டல். டாக்டரிடம் கூட்டிப்போனால் அவரிடமும் "ம்". அந்த நாட்களில் அக்காவின் குரலைக் கேட்க வேண்டுமானால் நான் அச்சகத்துக்குப் பக்கத்திலிருந்த பூத்துக்குப் போய் ஒரு ரூபாய் போட்டு, அவளை அனுப்பிவிட்ட கம்பெனிக்கே டயல் செய்ய வேண்டியிருந்தது. உங்களிடம் சொல்வதற்கு என்ன, செய்திருக்கிறேன். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்பாள். காத்திருப்பேன்.

இந்த நிலையில்தான் எருக்கு வந்தது. பின்பக்கம், செப்டிக் டேங்குக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில், யாரும் கேட்காமல் முளைத்து, யாரும் ஊற்றாமல் வளர்ந்து, மாடிப் பின்கட்டில் துணி உலர்த்தும் இடத்தை எட்டிப் பிடித்துவிட்டது. ஒரு நாள் காபி வரவில்லை. போய்ப் பார்த்தால் அக்கா ஈரத் துணியைத் தோளில் போட்டபடி கைப்பிடிச் சுவரில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

இலை நடுவில் வரி வரியாக ஒரு புழு. மூன்று ஜோடிக் கொம்பு. இலையின் நடு நரம்பைக் கடித்து, பாலை ஒழுகவிட்டு, அது வற்றும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த பல பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது. இதன் பட்டாம்பூச்சிக்கு இப்போது வெந்தய வரியன் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மானார்க்குக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. மெக்சிகோவெல்லாம் போகாது. மிஞ்சிப்போனால் அடையாறு.

அன்றிலிருந்து அக்கா பாதி நாள் பின்கட்டில்தான். பேசவில்லை. ஆனால் தலை வாரிக்கொண்டாள். ஒரு வேளை சமையலில் உப்பு சரியாக இருந்தது. நான் எதையும் கவனிக்காதவன் மாதிரி இருந்தேன். உறை குத்திய பால் மாதிரி அது. தொட்டு அசைத்துப் பார்க்கக் கூடாது.

அப்புறம் வீட்டுக்கார மாமா படியேறி வந்தார். கீழ்ப் போர்ஷனில் அவரும் மாமியும். சர்க்கார் ஆடிட்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். கரண்ட் பில்லை மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, கூட்டியது சரிதானா என்று என்னையும் ஒரு தரம் கூட்டச் சொல்வார். காலண்டர்க்காரன் என்பதால் என்மேல் ஒரு தனி மரியாதை.

"ஏம்ப்பா, பின்னாடி எருக்கு முளைச்சிண்டு நிக்கறது, சொல்லப்படாதோ? ஆத்துல எருக்கு வந்தா குடும்பம் விளங்காதும்பார் எங்கப்பா. நாளைக்குக் காலம்பற ஆள் வரான், வேரோட எடுத்துடச் சொல்லிட்டேன். நீ நல்ல நேரம் மட்டும் பார்த்துச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல், லைனின் அந்தப் பக்கம் முதலாளியே இருந்தாலும் அசராத குரல்.

"மாமா, அது வெள்ளெருக்கு."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்கா பேசிய முதல் வாக்கியம். அது சுத்தமான பொய்.

"வெள்ளெருக்கா? இன்னும் பூக்கவே இல்லையேம்மா வசந்தா?"

"இலையைப் பார்த்தாலே தெரியும் மாமா."

வெள்ளைப் பூ பூக்கிற எருக்கு என்றால் விஷயமே வேறு. அதன் வேரில் பிள்ளையார் இருக்கிறார். ஊதாப்பூ எருக்கு குடும்பத்தைக் கெடுக்கும், வெள்ளைப்பூ எருக்கு காப்பாற்றும். அவர் உடனே செருப்பைக் கழற்றினார். பின்பக்கம், செப்டிக் டேங்க் இருக்கிற திசையை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கரண்ட் பில்லை மூன்று தரம் கூட்டுகிற மனிதர் செடியை ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்காவின் குரல் அப்படி.

அவர் இறங்கிப் போனதும், "ஏன்க்கா அப்படிச் சொன்னே?" என்றேன்.

"ம்" என்றாள். ஆனால் இது வேறு "ம்".

இதோடு நின்றிருந்தால் நல்லது. மறுநாள் செடிக்கு மஞ்சள் துணி கட்டியாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் சுற்றிலும் நாலு செங்கல், கோலம், அகல் விளக்கு. தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் வந்து பிரதட்சிணம் செய்துவிட்டுப் போனார். செப்டிக் டேங்க் மூடியும் கூடவே வலம்வரப்பட்டதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து மாமா பதற்றமாக மேலே வந்தார்.

"அபச்சாரம்! செடி பூராப் புழு அரிக்கறது. வேப்பெண்ணெய் அடிக்கலாம்னு இருக்கேன். அதுக்கும் மசியலேன்னா, கடைல ஏதோ பவுடர் இருக்காமே, வாங்கிண்டு வந்துடறேன்."

வெட்டுகிறவனிடமிருந்து செடியைக் காப்பாற்றியாகிவிட்டது. இப்போது கும்பிடுகிறவரிடமிருந்து புழுவைக் காப்பாற்ற வேண்டும். அன்று மாமா கோவிலுக்குப் போன நேரத்தில் அக்கா ஒரு ஸ்வீட் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போய், அகப்பட்ட புழுக்களையெல்லாம் இலையோடு கொண்டுவந்துவிட்டாள். எல்லாம் ஒரு வாளிக்குள் குடியேறின; என் கட்டில் கொசுவலை கழற்றப்பட்டு அதற்கு மேல் போர்த்தப்பட்டது. அன்றிலிருந்து மந்தைவெளிக் கொசுக்களுக்கு என்னிடம் தடையில்லை.

ஆனால் புழுவுக்குத் தினமும் புது இலை வேண்டும், அதுவும் எருக்குதான். ஒரு அடி நடந்தால் கிடைக்கிற செடி இருக்கிறது. அதில் ஓர் இலை கிள்ளக் கூடாது, அது சாமி. எனவே இலை பறிக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பறக்கும் ரயில் வரும் வரும் என்று தூண்கள் மட்டும் வந்து நின்றிருந்த காலம். கால்வாய் ஓரம் நெடுகக் கல்லும் மண்ணும் எருக்கும்தான். ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தூணுக்குத் தூண் குனிந்து குனிந்து தழை ஒடிப்பேன். ஒரு பட்டதாரி செய்கிற வேலையா என்று எனக்கே தோன்றும். பட்டம் வாங்கியது பொருளாதாரத்தில் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் தோன்றும்.

அங்கே ஆட்டோ நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் பல நாள் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டேவிட்டார்.

"இன்னா சார், டெய்லி வந்து எருக்கந்தழ ஒட்ச்சிக்கினு போற? யாருக்கு வெக்கப் போற சூனியம்?"

"சூனியமெல்லாம் இல்லீங்க. வீட்டுல பட்டாம்பூச்சி வளர்க்கறோம்."

"இன்னாது?"

"பட்டாம்பூச்சி. எங்க அக்கா வளர்க்கறாங்க. அதுக்குச் சாப்பாடு."

அவர் சிறிது நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐய, சூனியம்னே சொல்லியிருக்கலாம் நைனா, நம்புற மாதிரியாவது கீது" என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால், "பூச்சிங்கோ துண்ணுச்சா சார்?" என்று விசாரிக்காமல் விடமாட்டார். அவர் சவாரிகூட என்னை ஒரு மாதிரி பார்க்கும்.

புழு தின்னும்போது சத்தம் வரும் தெரியுமா? ராத்திரி விளக்கணைத்துப் படுத்தால் கேட்கும், காகிதத்தை யாரோ மெல்ல மெல்லக் கிழிக்கிற மாதிரி. அது போடுகிற எச்சம் டீத்தூள் போல இருக்கும். நிஜமாகவே ஒரு முறை டீத்தூள் டப்பா பக்கத்தில் அக்கா அதைக் கூட்டி வைத்திருந்தாள். அதற்கு மேல் அந்த விஷயத்தை நான் விசாரிக்கவில்லை.

அக்கா பேச ஆரம்பித்தது அவற்றிடம்தான். சமையலறையில் நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்பேன். வலைப் பக்கமிருந்து அக்காவின் முணுமுணுப்பு கேட்கும். "நீ நகரு, அது சின்னது, அது சாப்பிடட்டும்." "எங்க போறே, அந்தப் பக்கம் இலையே இல்லை." எனக்கு "ம்"; அவற்றுக்கு வாக்கியங்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் வளர்ப்பது என்பது சாகக் கொடுப்பதுதான் என்று சீக்கிரமே தெரிந்தது. முதலில் எறும்பு. வாளியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து எறும்பை நிறுத்தினோம். பிறகு கொழுகொழுவென்றிருந்த புழு ஒன்று தொய்ந்து தொங்கியது. அதன் உடம்பிலிருந்து ஒரு நூல் இறங்கி, நூல் நுனியில் வெள்ளையாக வேறொரு புழு நெளிந்தது. ஏதோ ஈ எப்போதோ வந்து முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வலைக்குள் கொண்டுவருவதற்கு முன்பே, செடியில் இருந்தபோதே. நாங்கள் எதிரியையும் சேர்த்தேதான் கொசுவலைக்குள் பாதுகாத்திருக்கிறோம். ஒவ்வொன்றாக அப்படியே போயின. அக்கா செத்ததைக் காகிதத்தில் மடித்துக் கீழே கொண்டுபோவாள். முணுமுணுப்பு குறைந்துகொண்டே வந்தது. கீழே செடியில் புதிதாக முட்டை ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். மாமாவின் வேப்பெண்ணெய்க்குப் பிறகு அங்கே என்ன வரும்.

கடைசியில் தப்பியது ஒன்று. அது ஒரு காலை வாளித் தண்ணீரில் செருகியிருந்த எருக்கங்கிளையில் ஏறி, ஓர் இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கி, தோலை உரித்துப்போட்டுவிட்டுக் கூட்டுப்புழு ஆகிவிட்டது. நகைக்கடைக்காரர்கள் பார்த்தால் வெட்கப்படுவார்கள். இளம்பச்சையில் வழவழவென்று ஒரு மணி, அதில் தங்கப் புள்ளிகள். தங்கம் மாதிரி இல்லை, தங்கமேதான் என்று சத்தியம் செய்யத் தோன்றும். அக்கா அந்த வாளியை யாரும் இடிக்காத இடமாகப் பார்த்து, படி முடிகிற இடத்தில், எங்கள் வாசல் கதவுக்கு வெளியே வெளிச்சத்தில் வைத்தாள். மிச்சக் கிளைகளும் அதிலேயே இருந்தன.

"இது வந்துடும்டா" என்றாள் என்னிடம். என்னிடம்! "இது ஒண்ணு வந்துட்டாப் போதும்."

எனக்கு என்ன பயம் என்றால், வராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். மறுபடி ஒரு ரூபாய்க் காசு சேர்க்க வேண்டியதுதான்.

ரத சப்தமி வந்தது. அன்று எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் முட்டியிலும் பாதத்திலும் வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்துக் குளிக்க வேண்டும். மாட வீதியில் இலையைக் கட்டுக் கட்டாக விற்பார்கள். அந்தத் தேதித் தாளுக்குக் கீழே 'ரத சப்தமி' என்று பொடி எழுத்தில் வந்ததைத் திருத்தியவன் நான். 'ரத்த சப்தமி' என்று அச்சுக் கோத்திருந்தார்கள். ஆனால் தேதி என் தலையில் ஏறவில்லை. காலண்டர் அச்சடிக்கிறவன் காலண்டர் பார்ப்பதில்லை.

விடியும் முன் தண்ணீர் லாரி வந்துவிட்டது. நானும் அக்காவும் குடத்தோடு தெருமுனைக்கு ஓடினோம். அந்த நேரத்தில்தான் மாமி மாடிக்கு வந்திருக்கிறார். கடையில் இலை வாங்க மறந்துபோயிற்று. வீட்டுச் செடியில் பறிக்க மாமா விடமாட்டார். மாடியில் வாளி நிறைய எருக்கு இருக்கிறது. "வசந்தா, நாலு இலை எடுத்துக்கறேன்டியம்மா" என்று காலி வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அரை வெளிச்சம், கண்ணில் புரை. இலைக்கு அடியில் என்ன தொங்குகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் குடத்தோடு படியேறினால் வாளியில் மொட்டைக் கிளை. அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். அதற்குள் கீழே பின்கட்டிலிருந்து மாமாவின் குரல், வீடே அதிர்கிற மாதிரி: "அடியே! இங்க வந்து பாரேன்! வந்து பாரேன்!"

ஓடினோம். மாமா ஈர வேஷ்டியோடு நின்றுகொண்டிருந்தார். தலை உச்சியில் வைத்திருந்த இலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பிடித்திருந்தார். அதில் பச்சை மணி. உதித்துக்கொண்டிருந்த சூரியன் நேராக அதில் விழுந்து தங்கப் புள்ளிகள் மின்னின. மாமாவின் கன்னத்தில் வழிந்தது குளித்த தண்ணீர் மட்டும் இல்லை.

"சூரிய பகவான் கொடுத்திருக்கார். எருக்குல மணி காய்ச்சிருக்கு. வெள்ளெருக்கோட சக்தி!"

எங்களை அவர் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய், மணியை இலையோடு கிள்ளி, பூஜை அலமாரியில் இருந்த வெள்ளிக் குங்குமச் செப்பைக் காலி செய்து, அதற்குள் வைத்து, இறுக்கி மூடிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு அபிஷேகம் செய்து திறப்பதாக அறிவிப்பும் வந்தது.

மாடிக்கு வந்ததும் அக்கா உட்கார்ந்துவிட்டாள். "காத்து இல்லைடா அதுல. இன்னிக்கோ நாளைக்கோ வெளில வரும். தொங்கிண்டுதான் இறக்கையை விரிக்கணும். அதுக்குள்ள வந்தா நசுங்கிடும்." அவளுக்கு யார் இதையெல்லாம் சொன்னார்கள் என்று தெரியாது. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள். மாமாவோடு அதிகம் பேசாதவளிடம் மாமா பேச்சின் 'இண்டு' மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் நான் போனேன். ஆண்பிள்ளை இல்லையா. "மாமா, அது எங்க வாளியில இருந்த இலை. ரயில்வே தூண் ஓரத்துல நான்தான் ஒடிச்சுக்கிட்டு வந்தேன். சாதா எருக்கு. அது பூச்சிக்கூடு" என்றேன்.

"எங்க முளைச்சா என்னப்பா? நம்ம மனைக்குள்ள வந்து, என் தலைமேல ஏறித்தானே மணியாச்சு? பின்னாடி வேர்ல இருக்கறவரோட மகிமை அது. நீ காலண்டர் வேலை பார்க்கறவன், நீயே இப்படிச் சொல்லலாமா?"

எனக்கு வாதாட வராது. பிழை திருத்தத்தான் வரும். மாடிக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். பின்னாடி இருக்கிறவருடைய மகிமைதான் விஷயம். அது இருக்கும்வரை செப்பு திறக்காது.

அக்காவுக்குப் புரிந்தது. அந்தச் செடிதான் அவளுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி முட்டை வரக்கூடிய ஒரே இடம் அதுதான். வெள்ளெருக்கு இல்லை என்று சொன்னால் நாளைக்கே அரிவாள் வந்துவிடும். சொல்லாவிட்டால் செப்புக்குள் இருப்பது வெள்ளிக்கிழமை வரை தாங்காது. அவள் பின்கட்டுக் கைப்பிடிச் சுவரில் குனிந்து செடியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாலேயே போனேன்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும். அது வெள்ளெருக்கு இல்லை."

மாமா ஊஞ்சலில் இருந்தார். கால் தரையில் ஊன்றி ஊஞ்சல் நின்றது.

"பூக்கலையே, எப்படித் தெரியும்னு நீங்க கேட்டேள். இலையைப் பார்த்தாத் தெரியும்னேன். தெரியாது. வெட்டிடப் போறேள்னு பயந்து சொன்னேன். அதுல புழு இருந்தது மாமா. எனக்கு அது வேணும்."

"புழு வேணுமா?"

"ம். ஆமாம். புழு வேணும். அது ஒண்ணுதான் பாக்கி இருக்கு. செப்பைத் திறங்கோ. உங்க கால்ல விழறேன்."

அவர் அவளைத் திட்டவில்லை. அதுதான் சங்கடம். முகத்தில் ஒரு விளக்கை அணைத்த மாதிரி ஆயிற்று. எழுந்துபோய்ச் செப்பை எடுத்து வந்து திறந்தார். திறந்ததும் "ஐயோ" என்று கையை உதறினார். காலையில் பச்சையாக மின்னிய மணி இப்போது கறுத்திருந்தது.

"பாரு! பொய் சொன்னே, கறுத்துப் போச்சு. எடுத்துண்டு போ. என் கண்ணுலயே காட்டாதே."

அக்கா செப்பைக் கையில் வாங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பென்று மாமா சொன்னதற்குள் ஆரஞ்சு நிறத்தில் மடித்துவைத்த இறக்கை தெரிந்தது. கூடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நேரம் வந்துவிட்டது. அவள் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. மாமா எது வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாடிக்கு வந்து, கூட்டின் காம்பில் தையல் நூலால் முடிச்சுப் போட்டுத் துணிக்கொடியில் கட்டினாள். மறுநாள் காலை நான் அச்சகத்துக்கு லீவு சொல்ல மறந்தே உட்கார்ந்திருந்தேன். கூடு வெடித்தது. ஈரப் பஞ்சு மாதிரி கசங்கிய ஒன்று வெளியே வந்து தொங்கியது. இது எங்கே தேறப்போகிறது என்று நினைத்தேன். இறக்கை மெல்ல மெல்ல விரிந்தது. வெந்தயக் கலர், ஓரத்தில் கறுப்புக் கரை, கரையில் வெள்ளைப் புள்ளி. கீழே அதே நேரத்தில் அரிவாள் சத்தம் ஆரம்பித்தது. மாமா ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வேரைத் தோண்டி, குழியில் ஆசிட் ஊற்றினார்கள். மொட்டுகள் விரியவில்லை. வெள்ளையா ஊதாவா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அக்கா கீழே எட்டிப் பார்க்கவில்லை. பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு தரம் இறக்கையைத் தட்டிவிட்டு, எந்த நன்றியும் காட்டாமல், எதிர்வீட்டு டிவி ஆன்டெனாவுக்கு மேலாகக் கால்வாய்ப் பக்கம் போய்விட்டது.

"போச்சு" என்றாள் அக்கா. பிறகு திரும்பி, "நீ ஏண்டா ஆபீசுக்குப் போகலை? டிபன் என்ன பண்ணட்டும்? மாவு புளிச்சிருக்கும். மாமா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார் பாரு, எங்க போறது, திருவான்மியூர்ல பார்க்கலாமா, அங்க தண்ணி எப்படியோ..." நிறுத்தவே இல்லை. மாமா காலி செய்யத்தான் சொன்னார். புரோக்கர்களிடம் பேசி வீடு பிடித்தது அக்காதான். அதற்குப் பிறகு ஒரு நர்சிங் ஹோமில் வரவேற்பில் வேலை, அங்கே வந்த ஒருவரோடு கல்யாணம், கோயம்புத்தூர்.

மந்தைவெளி வீடு இப்போது ஐந்து மாடி. மாமாவையும் மாமியையும் பையன் பெங்களூருக்கு அழைத்துப் போனதாகக் கேள்வி. கால்வாய் ஓரத்தில் ரயில் ஓடுகிறது, தூணைச் சுற்றி வேலி போட்டுப் பூங்கா என்று பலகை வைத்திருக்கிறார்கள். எருக்கைப் பார்த்தால் பிடுங்கிவிடுகிறார்கள், அது களையாம். என் இப்போதைய வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். பதினொரு மாதத்துக்கு ஒரு தரம் ஒப்பந்தம் மெயிலில் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். அவரிடம் பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டியது எதுவும் என்னிடம் இல்லை. இருந்தாலும் அவர் நம்பமாட்டார். செருப்பைக் கழற்றுகிற ஆளாகத் தெரியவில்லை.

அன்று ராகவன் சாரின் லிப்டு தரிசனத்துக்குப் பிறகு மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன். மருமகளின் சமையல், முழங்கால், கோயம்புத்தூர் குளிர் எல்லாம் வந்து முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு இடைவெளி கிடைத்ததும் கேட்டேன்.

"அக்கா, மந்தைவெளில நாம பட்டாம்பூச்சி வளர்த்தோமே, ஞாபகம் இருக்கா?"

"பட்டாம்பூச்சியா? நாமளா?" அக்கா யோசித்தாள். "தண்ணி லாரி ஞாபகம் இருக்கு. அந்த மாமா, நல்ல மனுஷன், ஊஞ்சல்ல உட்கார்ந்திருப்பார். பட்டாம்பூச்சி... ஏண்டா, சமையல்கட்டுல ஒரே கரப்பான்பூச்சியா இருக்குமே, அதைச் சொல்றியா?"

"ஆமாம்க்கா, அதான்" என்று சொல்லிவிட்டேன்.